கல்லோசையும் கட்டளையும்: மதுரை இரவுப் பரோட்டாக் கடைகளின் தகவல் தொடர்பு முறை குறித்த ஓர் ஆய்வு

மேலாண்மை பற்றி நம்மவர்கள் எழுதும் நூல்களில் ஜப்பானியக் கார்த் தொழிற்சாலை வரும், மும்பை டப்பாவாலா வருவார். மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையப் பக்கம் இரவு பதினொரு மணிக்குக் கூட்டத்தை வெறும் சத்தத்தாலேயே சமாளிக்கும் பரோட்டாக் கடை மட்டும் வராது. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை. பின்பற்றிய முறை பங்கேற்பு நோக்கல். அதாவது, உட்கார்ந்து சாப்பிட்டோம். தரவுகள் இலையிலிருந்து நேரடியாகத் திரட்டப்பட்டன. ஆய்வு நிதி எதுவும் கிடைக்காததால் சுக்கா வாங்க இயலவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறோம்.

கல் கடை வாசலிலேயே இருக்கும். கல்லுக்குப் பின்னால் மாஸ்டர், உள்ளே மேசைகள், இடையில் ஓடிக்கொண்டிருக்கும் சப்ளையர், ஓரத்தில் கல்லா. சப்ளையர் கையில் தாளும் கிடையாது, பேனாவும் கிடையாது. நாலு பேர் வந்து உட்காருகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ரெண்டு பரோட்டா கேட்கிறார், ஒருவர் வீச்சு, ஒருவர் முட்டைக் கொத்து. நாலாமவர் "எனக்குப் பசியில்லப்பா" என்கிறார். (அதிகம் சாப்பிடப் போவது இவர்தான், இது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள்.) சப்ளையர் முகத்தைத் திருப்பாமலே குரலை மட்டும் வாசலுக்கு அனுப்புகிறார்: "ரெண்டு பரோட்டா, வீச்சு ஒண்ணு, முட்டக் கொத்து ஒண்ணு காரம் தூக்கலா!" மாஸ்டர் தலை நிமிர்வதில்லை. மாவை வீசியபடியே, "வீச்சு ஒண்ணு, கொத்து காரம்" என்று திருப்பிச் சொல்கிறார். சாதா பரோட்டா கல்லில் எப்போதும் கிடப்பதால் அதைச் சொல்வதில்லை. தவறக்கூடியதை மட்டும் சொல்கிறார்.

இந்தத் திருப்பிச் சொல்லுதலைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம் உட்படக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, புறப்படத் தொடங்கிவிட்ட விமானத்திலிருந்து வந்த தெளிவில்லாத வாசகத்துக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து முதலில் வந்த "ஓகே". யார் எதைப் புரிந்துகொண்டு எதற்கு ஓகே சொல்கிறார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. அதன் பிறகு விமானத் துறையில் சொற்களை இறுக்கிக் கட்டினார்கள்; முக்கியமான உத்தரவை வாங்கியவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பதில் கண்டிப்பானார்கள். நம் அலுவலக வாட்ஸ்அப் குழுக்களிலோ, நீண்ட செய்திக்குக் கீழே முப்பது கட்டைவிரல்கள் வரிசையாக நிற்கும். மறுநாள் வேலை நடந்திருக்காது. நாம் கவனித்தவரை எந்த மாஸ்டரும் சப்ளையருக்கு ஓகே என்று பதில் சொன்னதில்லை.

அடுத்து, சப்ளையரின் நினைவாற்றல். பெர்லினில் குர்ட் லெவினிடம் பயின்ற புளூமா ஜெய்கார்னிக் 1927-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆட்களிடம் சிறு சிறு வேலைகளைக் கொடுத்து, சிலவற்றை முடிக்கவிட்டு, சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். பாதியில் நின்ற வேலைகளே மனத்தில் அதிகம் தங்கியிருந்தன. பணம் வராத மேசையின் கணக்கை மட்டும் உணவகப் பணியாளர் மறக்காமல் வைத்திருந்ததைக் கண்டுதான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் பல அவருக்கு ஒத்துப்போகவில்லை. மதுரை ஒத்துப்போகிறது. கை கழுவிவிட்டு நாம் கல்லாவை நெருங்குவதற்குள் உள்ளிருந்து குரல் வந்துவிடுகிறது: "நீலச் சட்டை நூத்திப்பத்து! கைலி அண்ணே எழுவது!" பணம் கொடுத்து, வெளியே போய் ஒரு பீடா போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "நான் எத்தனை பரோட்டா சாப்பிட்டேன்?" என்று அதே சப்ளையரிடம் கேட்டோம். "வாங்கண்ணே, உக்காருங்க, என்ன சாப்பிடுறீங்க?" என்றார்.

எதை முதலில் செய்வது என்ற சிக்கலுக்கு நிர்வாகவியல் வகுப்பில் பலகையில் நாலு கட்டம் போட்டு, அவசரம் இங்கே, முக்கியம் இங்கே என்று பிரிப்பார்கள். கல்லில் கட்டம் போட இடமில்லை. "தூத்துக்குடி வண்டி எடுக்கப் போறான்ணே, சீக்கிரம்!" என்று சொல்லாத வாடிக்கையாளரே பேருந்து நிலையப் பக்கம் இல்லை. எல்லாருக்கும் அவசரம் என்றால் யாருக்குமே அவசரமில்லை என்று ஆகிவிடும் அல்லவா? மாஸ்டர் ஒருவர் கையாளும் அளவுகோல் எளியது. அவர் வாயைப் பார்ப்பதில்லை, பையைப் பார்க்கிறார். பையைத் தரையில் இறக்கி வைத்தவருக்கு வண்டி இப்போது கிடையாது. தோளிலிருந்து இறக்காமலே நிற்பவருக்குப் பார்சல் முதலில் போகும். கொத்துகளை ஒவ்வொன்றாகப் போடாமல் மூன்று நாலு சேரும்வரை நிறுத்தி வைத்து ஒரே மூச்சில் கொத்துகிறார். நடுவில் யாராவது "அண்ணே, ஒரு ஆஃப்பாயில்" என்றால் காது கேட்காது. ஒரு நாளைக்கு இருபது முறை மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரிகளுக்கு இந்தக் காதுகேளாமையைப் பயிற்சியாகவே கொடுக்கலாம்.

செய்தியை வாயால்தான் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. 2020 ஜூலையில், கொரோனாத் தொற்றுக் காலத்தில், மதுரை டெம்பிள் சிட்டி உணவகத்தில் முகக்கவச வடிவிலேயே பரோட்டா போட்டார்கள். தண்டோரா போட்டுச் சொல்லியும் ஏறாத விஷயத்தைச் சால்னாவில் தொட்டுத் தின்ன வைத்தார்கள்.

இனி வேலையின் பொருள் பற்றி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொலைபேசி வழியே நன்கொடை திரட்டும் பணியாளர்களை ஆடம் கிராண்ட் குழுவினர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். அந்த நன்கொடையால் படிக்கும் மாணவர் ஒருவரை ஐந்து நிமிடம் சந்தித்தவர்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது முன்பைவிட 171 சதவீதம் கூடுதலாகத் திரட்டியிருந்தார்கள். நம் மாஸ்டருக்கு அந்தச் சந்திப்பை யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. வெந்த பரோட்டாக்களை அடுக்கி, இரண்டு உள்ளங்கையாலும் சப்பென்று அடித்து, இழை பிரிந்ததும் தட்டுக்குத் தள்ளிவிட்டு, அரைக் கண்ணால் உள்ளே பார்க்கிறார். முதல் வாய் போகிறது. தின்பவர் ஒன்றும் சொல்வதில்லை, சால்னாவுக்குக் கை காட்டுகிறார். மாஸ்டர் அடுத்த உருண்டையை எடுக்கிறார். அண்மைக் காலமாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் "டிங்" என்கிறது. எங்கோ ஒரு மாடிவீட்டு ஆர்டர். மாஸ்டர் அதையும் உரக்கத் திருப்பிச் சொல்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்கும் டெலிவரித் தம்பி, தனக்கில்லாத சேதி என்பதுபோல் ரோட்டைப் பார்க்கிறார்.

ஒரு புதிர் மட்டும் எஞ்சியது. கொத்து ஆர்டர் எதுவும் இல்லாதபோதும் மாஸ்டர் இரண்டு தகடுகளாலும் வெறும் கல்லைத் தாளத்தோடு தட்டுகிறார். இது விளம்பரம் என்பது நமது முதல் கருதுகோள். பக்கத்துக் கடைக்கு விடும் சவால் என்பது இரண்டாவது. ஒரு மணி தாண்டிய ஓர் இரவில் அவரிடமே கேட்டோம்.

"தூக்கம் வருதுல்ல தம்பி" என்றார்.

தூங்கா நகரத்தில் இப்படியொரு விடை நமக்கு முதலில் உவப்பாக இல்லை. ஆனால் இலக்கியச் சான்று அவர் பக்கம் நிற்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியைப் பற்றியும் பேசுகிறது. அடையும் மோதகமும் விற்ற கூவியர் நள்ளிரவில் சரக்கோடு இருந்தபடியே உறங்கிப்போனதையும் அதில் காணலாம். அவர்களிடம் தட்டுவதற்குக் கல் இருந்ததாகக் குறிப்பு இல்லை.