காணாமற்போன 69 ஜிபி: நூற்பாவும் உரையும்

ஒரு டெராபைட் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கிவந்து கணினியில் செருகினால் 931 ஜிபி என்று காட்டுகிறது. பாக்கி 69 எங்கே போயிற்று என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்களம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஆய்வுக் கருவிகள், டிஸ்க் ஒன்று, கேபிள் ஒன்று, காபி இரண்டு டம்ளர்.

நூற்பா 1

தட்டும் தலையும் தடமும் செக்டரும்
ஒட்டிய பெட்டியே ஹார்ட்டிஸ்க் என்ப.

உரை: தட்டு என்பது காந்தப் பூச்சு ஏறிய வட்டத் தகடு. உண்ணும் தட்டென மயங்கற்க. மேசைக் கணினிகளில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுற்றும். தலை என்பது தட்டின்மேல் எழுதியும் படித்தும் திரியும் நுண்கருவி. தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஓடுகையில் பெட்டி கீழே விழுந்து தலை தட்டில் இடித்தால், "டேட்டாவ மட்டும் எடுத்துக் குடுத்துடுங்கண்ணே" என்று கடைகடையாக ஏறி இறங்குதல் பயனாகும். தடம் என்பது செக்குமாட்டின் தடம்போல, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் வட்டம். செக்டர் அதன் துண்டு. பழைய வழக்கில் 512 பைட், புதிய வழக்கில் 4096.

இதன் மூதாதை 1956-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பிறந்தது. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது. எல்லாம் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்து. இன்று பந்தியில் சாம்பார் ஊற்றுவதைச் செல்போனில் ஒரு படம் எடுத்தால் அதற்கே சரியாகப் போய்விடும்.

நூற்பா 2

போன இடத்தைப் புகல்வார் மூவர்;
மூவர் மொழிந்ததும் பொருந்தா தென்க.

உரை: முதலாமவர் கடைக்காரர். "ஃபார்மட் பண்ணா கொஞ்சம் போகத்தான் சார் செய்யும். நகைக்குச் செய்கூலி சேதாரம் இல்லையா, அந்த மாதிரி." இது பொருந்தாது. என்னை? ஃபார்மட் என்பது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்க ஒரு பேரேடு திறப்பது. வெற்றுப் பேரேடு 69 ஜிபி பிடிக்காது.

இரண்டாமவர் பக்கத்து வீட்டுக் கல்லூரித் தம்பி. "டெலீட் பண்ண ஃபைல் எல்லாம் உள்ளயேதான் இருக்கும், அங்கிள்." இது பாதி மெய். டெலீட் செய்தால் பேரேட்டில் பெயர்தான் அடிபடும். அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும்வரை பழையது கிடக்கும். ரேஷன் கார்டில் பெயரை நீக்கிவிட்டால் ஆள் வீட்டைவிட்டா போய்விடுகிறார்? ஆயினும் அந்த இடம் காலி என்றே கணக்கில் ஏறும். அன்றியும், பிரித்த வாசம் போகாத டிஸ்க்கில் பழைய ஃபைல் ஏது?

மூன்றாமவர் அலுவலக நண்பர், கிளஸ்டர் கட்சிக்காரர். கோப்புக்கு இடம் முழு முழு கிளஸ்டராகவே ஒதுக்கப்படும். கிளஸ்டர் 4096 பைட் எனில், 5000 பைட் கோப்பு 8192 பைட்டை வளைத்துக்கொள்ளும். பஸ்ஸில் இருவர் இருக்கையில் ஒருவர் அமர்ந்து, பக்கத்தில் பையை வைப்பது போன்றது இது. கொள்கை சரியே. ஆனால் நம் பஸ்ஸில் இன்னும் பயணிகளே ஏறவில்லை.

நூற்பா 3

குறைந்தது பொருளன்று, படியே வேறு.

உரை: டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக அளக்கிறார்கள். அவர்கள் கணக்கில் ஒரு டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024-ஐப் படியாகக் கொண்டு அளக்கிறது. ஒரு லட்சம் கோடியை 1024-ஆல் மும்முறை வகுத்துப் பார்க்க, 931 வரும். ஒரு பைட்டும் களவு போகவில்லை. கிலோ அளவில் இரு படிகளுக்கும் இடையே 2.4 சதவீதமே வேறுபாடு; மெகாவில் ஏறக்குறைய 5, கிகாவில் 7, டெராவில் 10. வட்டிக்கு வட்டிபோல ஏறும்.

இக்குழப்பம் தீர, 1024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட், கிபிபைட்டின் கொள்ளுப்பேரனான டெபிபைட் முதலிய பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998 முதல் வழங்கிவருகிறது. விண்டோஸ் 1024-ஆல் வகுத்துவிட்டு இன்றும் ஜிபி என்றே எழுதுகிறது. மேக் கணினிகள் 2009-இல் ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டன. அங்கே செருகினால் இதே டிஸ்க் ஒரு டெராபைட் என்று காட்டும். களஆய்வாகக் கடைக்குப் போய், "ஒரு டெபிபைட் டிஸ்க் இருக்கா?" என்று கேட்டேன். "அந்த கம்பெனி நாம எடுக்கறதில்ல சார்" என்றார்.

முடிவுரை

ஆய்வு முடிந்த மகிழ்ச்சியில் டிஸ்க்கை நிரப்பத் தொடங்கி, பழைய கணினியைத் திறந்தேன். தங்கையின் கல்யாண வீடியோ 'மேரேஜ்', 'மேரேஜ் ஃபைனல்', 'நியூ ஃபோல்டர் 2' என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் அதே தாலிகட்டு, அதே சாம்பார். ஒவ்வொன்றும் 60 ஜிபி. யாரும் எடுக்காத 69-ஐத் தேடி ஊரெல்லாம் விசாரித்தவன், 120-ஐ வீட்டிலேயே தொலைத்திருக்கிறேன்.

இரண்டை அழித்துவிடட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். "கல்யாண வீடியோவையா? எதையும் தொடாதீங்க. பெருசா இன்னொண்ணு வாங்கிடுங்க" என்றாள்.

இரண்டு டெராபைட் வாங்க உத்தேசம். செருகியதும் அது 1.81 என்று காட்டும் என்பது இவ்வாய்வின் கணிப்பு.