ஐவர் ஆளும் ஜில்லா

கேள்வி: அமெரிக்காவில் ‘கவுண்டி’ என்கிறார்களே, அது நம் ஜில்லாவைப் போன்றதுதானா?

பதில்: வரைபடத்தில் ஜில்லாதான், ஆனால் நம் கலெக்டர் சர்க்கார் உத்தரவோடு வந்து சேருகிறார், அங்கேயோ கள்வனைப் பிடிக்கும் ஷெரீப் முதல் வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அதிகாரி வரையில் பலரும் ஜனங்களிடம் வோட்டுக் கேட்டே நாற்காலியில் அமர்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில், 2020-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள். அவர்களுடைய ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, நூல்நிலையம் இவற்றையெல்லாம் பரிபாலிக்கும் சபையிலோ பாண்டவர் கணக்கில் ஐந்தே அங்கத்தினர். ஒருவர் தலையில் இருபது லட்சம் பேரைச் சுமத்துவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. வாக்காளருக்கும் தோன்றவில்லை போலும், ஐவர் நவக்கிரகங்களாகட்டும் என்று 2024-ல் தீர்மானித்துவிட்டார்கள். நான் மெச்சுவது வேறொன்று: விவாகத்துக்கு முன் மணமக்கள் கைகோத்து நின்று அநுமதிச் சீட்டு வாங்குவதும், பிற்பாடு வாங்கும் வீட்டின் பத்திரத்தைப் பதிவு செய்வதும் அந்தக் கவுண்டி அலுவலகத்தில்தான்.