தலைக்கு 18 சதவீதம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு இருக்கும் பாதுகாப்பு மனிதத் தலைக்கு இல்லை. ஏலத்தில் காய் வாங்க வேண்டுமா? நறுமணப் பொருள் வாரியத்திடம் உரிமம் எடுக்க வேண்டும். ஏலம் நடத்துபவருக்கும் உரிமம் வேண்டும். 1987இலிருந்து அதற்கென்றே விதிகள் இருக்கின்றன. வரும் சரக்குக்கெல்லாம் மாதிரி கொடுப்பார்கள். வியாபாரி உள்ளங்கையில் கொட்டிப் பச்சை நிறம் பார்ப்பார். பிளந்து உள்ளே அரிசியைப் பார்ப்பார். 8 எம்எம் தேறுமா, லிட்டர் எடை எவ்வளவு என்று துருவுவார். கம்ப்யூட்டரில் விலை ஏறுவது அதற்கப்புறம்தான்.

அதே ஊரில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் 28 வயதுப் பையன், முடி நடுவதற்காகத் தன் மண்டைத்தோலில் துளை போடப்போகிறவர் யாரென்று தெரியாமலே முன்பணம் கட்டுகிறான். விசாரிக்காமல் கட்டுகிறானே என்று திட்டாதீர்கள். மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறான். பதில் சொல்ல ஆளில்லாத நாட்டில் விசாரிக்கிறான். அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

அரசாங்கத்தின் வேகம் அவனுக்குப் புதிதல்ல. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் அகலப்படுத்துவதற்காக மூடினார்கள். போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில். சுமார் 90 கிலோமீட்டர், பன்னிரண்டரை ஆண்டு. ரயில் நின்றபோது அவனுக்கு அரும்பு மீசை. ரயில் திரும்பியபோது முன்நெற்றி உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. இப்போது அதே ரயிலில் சென்னைக்குப் போய் முடி நட்டுக்கொள்ளலாமா என்று பார்க்கிறான். வளர்ச்சி, வளர்ச்சி என்கிறார்களே, அது இதுதான்.

என்ன அவசரம்? வீட்டில் பெண் பார்க்கிறார்கள். வேலை இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது, குடிப்பழக்கம் இல்லை. "எல்லாம் சரிதான், மாப்பிள்ளைக்கு முன்னாடி கொஞ்சம் ஏறியிருக்கே" என்கிறார் தரகர். அந்த ஒரு வரியில் பையனின் மற்ற தகுதிகளெல்லாம் தள்ளுபடி. டீக்கடையில் நிற்கிறவனெல்லாம் வைத்தியனாகிறான். "என்ன மாப்ள, போர்த் தண்ணியா? ஹெல்மெட்டா?" இரண்டும் இல்லை ஐயா. மரபணு. டைஹைட்ரோ டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் முடிவேரைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. அப்பா வழி, அம்மா வழித் தலைகளைத் திரும்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் பரம்பரையைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாதே. அதனால் தண்ணீர்மேல் பழி.

நம் நேர்மையையும் கொஞ்சம் பார்ப்போம். ரஜினிகாந்த் திரைக்கு வெளியே மறைக்காத வழுக்கையோடு மேடை ஏறுகிறார். எளிமை என்று விசிலடிக்கிறோம். அதே தலையோடு பக்கத்து வீட்டுப் பையன் பெண் பார்க்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பழனி மலையில் முடி இறக்கினால் பக்தி. 2021இல் அறநிலையத் துறை அந்தக் கட்டணத்தையும் ரத்து செய்துவிட்டது. தானாக உதிர்ந்தால் மட்டும் அவமானம். அதற்குக் கிராஃப்ட் கணக்கில், அதாவது நடுகிற முடிவேர்க் கணக்கில், விலை.

இந்த அவமானத்தை முதலில் அறுவடை செய்வது எண்ணெய்க் கம்பெனிகள். சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ‘ஜே’ என்றொரு அட்டவணை இருக்கிறது. இந்தந்த நோய்களைத் தீர்ப்பேன் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல். புற்றுநோய், பார்வையின்மையோடு வழுக்கையும் அதில் இருக்கிறது. புது முடி முளைக்க வைப்பேன் என்பதும் இருக்கிறது. அட்டவணை பத்திரமாக இருக்கிறது, புத்தகத்துக்குள். வெளியே டி.வி.யைத் திறந்தால், இடுப்புவரை கூந்தலோடு ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இது மருந்தில்லையாம், அழகுப் பொருளாம். அதனால் பொய்க்கு விதிவிலக்கு.

எண்ணெயும் வெங்காயச் சாறும் கைவிட்ட பிறகு பையன் செல்போனில் இறங்குகிறான். ஒரு முறை தேடினால் போதும். ராத்திரி பகலாக அவன் தலையைப் பற்றியே உலகம் கவலைப்படுகிறது. "போட்டோ அனுப்புங்க சார்." அனுப்புகிறான். கொஞ்ச நேரத்தில் பதில் வருகிறது: "மூவாயிரம் கிராஃப்ட் வேணும் சார், இன்னைக்கே புக் பண்ணா ஆஃபர், இஎம்ஐ இருக்கு." சொன்னவர் டாக்டரா? இல்லை, ‘கவுன்சிலர்’. போடியிலுள்ள தலையைச் சென்னையில் உட்கார்ந்து எண்ணிவிட்டார். ஏலக்காயைக்கூடப் போட்டோ பார்த்து யாரும் வாங்குவதில்லை.

அந்தக் கவுன்சிலர் சொல்லாததை நாம் சொல்லிவிடுவோம். முடி நடுதலில் புதிதாக ஒரு முடியும் உண்டாவதில்லை. பின்னந்தலை முடிவேர் ஹார்மோனுக்கு அவ்வளவாக அசையாது. அதை எடுத்து முன்னால் வைத்தாலும் தன் குணத்தை விடாது. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரிக் 1959இல் எழுதி வைத்த உண்மை இது. ஆக, பின்கட்டுச் சரக்கு முன்கட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான். அந்தச் சரக்குக்கும் அளவு உண்டு. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. நட்ட முடி முதல் சில வாரங்களில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மறுபடி எழ மூன்று நான்கு மாதம். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம். இருபதுகளில் இருப்பவனுக்கு இன்னொரு வம்பு. வழுக்கை எதுவரை போகும் என்று அப்போது முடிவாகியிருக்காது. நட்டது முன்னால் நிற்கும், பின்னால் இருந்தது தொடர்ந்து கொட்டும். நடுவில் பொட்டல். அதை நிரப்ப மறுபடி வா, மறுபடி பணம் கட்டு. அவசரப்படாதே என்று நேர்மையான மருத்துவர் சொல்வது இதனால்தான். அவசரப்படு என்று கவுன்சிலர் சொல்வதும் இதனால்தான்.

பணம்தானே போகிறது என்கிறீர்களா? உயிரும் போயிருக்கிறது. 2016 மே மாதம், சென்னை. சென்னை மருத்துவக் கல்லூரி இறுதியாண்டு மாணவர், 22 வயது. நாளைக்கு டாக்டர். முடி நடப் போனார். உடல் மோசமானது, இரண்டு நாளில் வேலூரில் இறந்தார். விசாரித்தபோது தெரிந்தது: அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம். மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஏலக்காய்க் கடைக் கணக்கருக்கு எப்படித் தெரியும்?

2019இல் மும்பையில் 43 வயதுத் தொழிலதிபர். ஒரே மூச்சில் 9,500 கிராஃப்ட் நட்டார்களாம், பிறகு செத்தார். 2022இல் பாட்னாவில் இளம் போலீஸ்காரர். கல்யாணம் வைத்திருந்த நேரம். 2024 நவம்பரிலும் 2025 மார்ச்சிலும் கான்பூரில் இரண்டு பொறியாளர்கள். இருவருக்கும் முடி நட்டது ஒரே பல் மருத்துவர் என்று போலீஸ் வழக்கு. முதல் சாவுக்கும் இரண்டாவது சாவுக்கும் நடுவே நான்கு மாதம் கடை திறந்தே இருந்தது.

முடி நடுமுன் தலையை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னுக்கு உடல் எடைப்படி உச்ச வரம்பு உண்டு. தாண்டினால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். கிராஃப்ட் கூடக் கூட நேரம் கூடும், ஊசியும் கூடும். அதைக் கவனிக்கத் தெரிந்த ஆள் அறைக்குள் இருக்க வேண்டும். போஸ்டரில் சிரிக்கிற டாக்டர் போதாது.

அரசு சும்மா இருந்ததா? யார் சொன்னது? 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவுரை வெளியிட்டது. முறையான அறுவைப் பயிற்சி வேண்டும், பயிலரங்கில் பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் போதாது என்றது. ஒரு நாட்டின் உச்ச மருத்துவ அமைப்பு தன் மருத்துவர்களைப் பார்த்து யூடியூப் பார்த்து அறுக்காதீர்கள் என்று எழுத வேண்டிய நிலை. அதைப் படித்துவிட்டு யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நம் மாநிலமும் சளைத்ததில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997இலேயே சட்டம் போட்டுவிட்டது. முன்னோடி மாநிலமல்லவா? அதற்கான விதிகள் வந்தது 2018இல். இருபத்தொரு ஆண்டு. விதியில்லாத சட்டம் கோட்டையில் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த மாணவர் செத்தார். அவர் பிறந்து மூன்று நான்கு வருடத்தில் வந்த சட்டம். அவர் செத்து இரண்டு வருடம் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தது.

சுறுசுறுப்பே இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருக்கிறது, வரித்துறையில் இருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு கொடுத்தார்கள். ஆனால் முடி நடுதலைப் பெயர் சொல்லி அந்த விலக்கிலிருந்து தூக்கி வெளியே வைத்தார்கள். அழகு அறுவைக்கும் அதே கதி. கட்டு 18 சதவீதம். கோளாறு வசூலில் இல்லை. வசூலித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. முடி நடுதல் என்றால் என்னவென்று வரித்துறைக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. சுகாதாரத் துறைக்குப் பிணம் விழுந்தால்தான் புரிகிறது. ஆக, பணம் வாங்கும்போது இது அறுவை சிகிச்சை. வரி போடும்போது அழகுக் கலை. ஆள் செத்தால் எதிர்பாராத விபத்து. ஒரு தலையை இத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பொறுப்பை மட்டும் ஒருவரும் கேட்டு வாங்குவதில்லை.

மாற்று வழியே இல்லையா? இருக்கிறது. போடியிலிருந்து பஸ் ஏறினால் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தோல் நோய்ப் பிரிவில் காட்ட வெளிநோயாளிச் சீட்டு போதும். உதிர்வதைத் தடுக்கவும் தள்ளிப்போடவும் மருந்துகள் இருக்கின்றன. மினாக்ஸிடில், ஆதியில் ரத்த அழுத்த மருந்து. ஃபினாஸ்டரைட், அமெரிக்காவில் 1997இலேயே ஆண் வழுக்கைக்கு அனுமதி பெற்றது. பக்க விளைவுகளும் உண்டு. சிலருக்குத் தாம்பத்தியத்திலேயே கைவைக்கும். அதனால் டாக்டர் சொல்லித்தான் தொட வேண்டும். ஆனால் அந்த அரசு மருத்துவருக்கு விளம்பரம் இல்லை. ஆஃபர் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு "சார், யோசிச்சீங்களா?" என்று வாட்ஸ்அப் அனுப்ப ஆளில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இத்தனைக்கும் பிறகு நட்டுக்கொள்வேன் என்றால், அது உன் தலை தம்பி, உன் உரிமை. தகுதியான மருத்துவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் சில கேள்வி கேட்டுவிட்டு உட்கார். துளை போடுவது டாக்டரா, உதவியாளரா? அவருடைய பட்டம் என்ன, பதிவு எண் என்ன? ஊசி மருந்தின் அளவை யார் கணக்குப் பார்ப்பது? கடைசி முடி நடும்வரை டாக்டர் அறையில் இருப்பாரா? மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிடம்? இந்த இடத்துக்கு இருப்பது மருத்துவ நிறுவனப் பதிவா, சலூன் உரிமமா?

கவுன்சிலர் சிரிப்பார். "ரொம்ப யோசிக்கிறீங்க சார். இந்த டென்ஷன்லதான் முடியே கொட்டுது" என்பார்.

எழுந்து வந்துவிடு. முன்பணம் போனால் போகட்டும். அதற்கும் ஜிஎஸ்டி பிடித்துவிட்டார்கள். அரசுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.