கல்யாண மேளத்தில் காலப்பிரமாணம்: ஒரு கள ஆய்வு

கல்யாண மேளத்தில் காலப்பிரமாணத்தைக் கட்டிக் காப்பவர் யார் என்ற வினா, சங்கீதத்துக்குப் பேர்போன தஞ்சைத் தரணியில்கூட இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. நாயனக்காரரைக் கேட்டால் தவிலைக் கைகாட்டுகிறார். தவில்காரரோ, "அண்ணன் போற போக்குல நாம போறோம் தம்பி" என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

ஆய்வுக்களம் நீடாமங்கலம், வலங்கைமான் வட்டாரம். மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சண்முகசுந்தரம் பிள்ளை என்ற மேதைகளால் ஊர்ப்பெயரே தவிலுக்கு முன்னொட்டாகிப்போன பூமி. இங்கே வரப்பில் நிற்பவரும் தொடையில் தாளம் போடுவார் என்பதால் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை.

தவில் பலாக்கட்டையில் கடைந்தது. வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பியில் கழி. இரண்டும் சேர்ந்து கிளம்பும்போது காலம் ஓடினாலும் மண்டபத்தில் ஒருவருக்கும் உறைக்காது, அதனால்தான் ஓடுகிறது. ஐரோப்பாவில் மெல்செல் 1815இல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கினார். அதைக் கொண்டுவந்து மேடையில் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், ஆனால் தவிலுக்குப் பக்கத்தில் அது டிக் டிக் என்பது யார் காதில் விழும்?

முதல் இடையூறு கெட்டி மேளம். தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட இந்த முழக்கத்துக்குத் தாளக்கணக்கு கிடையாது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தில் மூன்றாவதில் நிற்கும்போது சாஸ்திரிகள் கையை ஆட்டினால், மிச்சம் ஐந்து அட்சரம் எங்கே போகிறது? தாலி கட்டிய கையோடு அதை யாரும் தேடுவதில்லை.

இரண்டாவது பந்தி. இதுவே பெரிது. "இலை போட்டாச்சு" என்ற சேதி மேடைக்கு எட்டியதும் கீர்த்தனை முடுக்கம் கொள்கிறது. கணக்கு எளிது. அட்சரத்துக்கு ஒரு நொடி என்று ஆரம்பித்து, ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் வேகம் நூற்றுக்கு இரண்டு கூடினால், 35 ஆவர்த்தனத்தில் வேகம் இரட்டிப்பாகிவிடும். ஆகும் நேரம் மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. மல்லாரியில் முயன்று செய்து காட்டும் திரிகாலத்தை, சாம்பார் வாசனை சும்மாவே செய்துவிடுகிறது.

மறுப்புச் சான்றாகத் திருவையாற்றைக் காட்டுவார்கள். தியாகராஜ ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும் பஞ்சரத்னம் ஐந்தும் ஆதி தாளந்தான். நாட்டையில் புறப்பட்ட கூட்டம் ஸ்ரீராகத்தில் ஒன்றாகவே போய்ச் சேர்கிறது. உண்மைதான். ஆனால் அங்கே ஆளாளுக்குத் தொடையில் தட்டி ஒருவரையொருவர் காவல் காக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் அந்தக் காவல் வேலை முழுவதும் ஒரே ஆள் தலையில்.

யார் அந்த ஆள்? தவிலுக்குப் பக்கத்தில் கைத்தாளத்தோடு உட்கார்ந்திருப்பவர். வீடியோக்காரர் விளக்கு அவர் மேல் படுவதில்லை. சன்மானத்தில் அவர் பங்கு கடைசி. தவில் எந்தக் கோர்வையில் பறந்தாலும் கடைசியில் வந்து இறங்குவது இவர் தட்டும் இடத்தில்தான். இலை போட்ட சேதி இவர் காதிலும் விழுகிறது, தட்டு மாறுவதில்லை. காரணம் ஞானமல்ல என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. தனக்குக் கடைசிப் பந்திதான் என்று அவருக்குத் தெரியும். அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பெண்வீட்டாருக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முகூர்த்தத்தில் தாளக்காரருக்கு முதல் பந்தியிலேயே ஓர் இலை பிடித்து வையுங்கள். ஆனால் மங்களம் வாசித்து முடிக்கும்வரை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவரும் ஓடுவார்.