கிராணியின் தராசு

கேள்வி: அரசியல்வாதிகள் மேடையேறிப் போலீசைத் திட்டுவதால் போலீசாருக்கு மனம் தளர்கிறது, உயிருக்கும் ஆபத்து என்கிறார்களே? (லுக்குட் வாசகர், போர்டிக்சன்)

பதில்: இரண்டையும் ஒரே பால்வாளியில் ஊற்றுகிறார்கள். ஆபத்து பொய்யில்லை. 2024 மே 17 விடியுமுன், ஜொகூர் உலு திராம் பாலாயில் வேலையிலிருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களைக் கொன்றது மேடைப்பேச்சு என்று சொன்னால் அந்த மைக்கே சிரிக்கும்.

'மனம் தளரும்' என்பது வேறு பாட்டு, பழைய பாட்டு. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டுமென்று அரச விசாரணை ஆணையம் 2005 அறிக்கையில் சொன்னதிலிருந்து கேட்கிறோம். 2009-இல் போலீஸ் தடுப்புக்காவலில் குகன் என்ற இளைஞர் இறந்தபின் கோரிக்கை உரத்தது. 2023 ஜூலையில் தனி ஆணையம் வந்தேவிட்டது. பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. பல்செட்டைக் கழற்றி வைத்த புலி! அதே 2005 அறிக்கை போலீசாருக்கு நல்ல குவார்ட்டர்சும் சம்பளமும் கேட்டது. மனம் தளருமென்று உருகுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதேயில்லை.

தோட்டத்தில் "பால் எடை சரியாங்கய்யா?" என்று கேட்டால் கிராணிக்கும்தான் முகம் வாடும். அதற்காகத் தராசைப் பார்க்காமலா லயத்துக்குத் திரும்பினோம்?