அத்தையின் அட்டைப்படம்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து லயத்தில் இருந்துகொண்டே ஸ்பொட்டிபையில் பாட்டு விடலாம். சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி நின்றால் போதும். பாட்டைவிடப் பெரிய தொல்லை அட்டைப்படம். 3000க்கு 3000 பிக்சல், சதுரமாக வேண்டுமாம். போனில் அது கட்டைவிரல் நகமளவுதான் தெரியும் என்பது வேறு கதை. "உங்களுக்குத்தானே மாமா இங்கிலிஷ் தெரியும்" என்று, மழையைப் பற்றிய ராப் பாட்டொன்றை விடப்போகும் மருமகன் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான்.

படம் விற்கும் தளங்களில் 'சிலோன் டீ' என்று தேடினால் வருவதெல்லாம் நுவரெலியா. தலைவாரிவிட்ட மலை, மூடுபனி, மடிப்புக் கலையாத சேலையில் சிரித்துக்கொண்டே கொழுந்து பறிக்கும் பெண். எங்கள் சப்ரகமுவவோ தாழ்நிலத் தேயிலை. பாதி றப்பர், மீதி அட்டைக்கடி. அதைப் படமெடுத்து விற்க ஆளில்லை.

கடைசியில் ஒரு படம் பிடித்தது. கீழே, 'எடிட்டோரியல் பாவனைக்கு மட்டும்' என்றிருந்தது. செய்தியில் போடலாம், விற்கிற சரக்கில் ஒட்டக்கூடாது. படத்தின் உரிமை எடுத்தவருக்கு. முகமோ அந்தப் பெண்ணுடையது. அவரிடம் யாரும் சம்மதக் கையெழுத்து வாங்கவில்லை.

"காசு கட்டினா சரிதானே மாமா?"

சரியில்லை. 2010இல் வாம்பயர் வீக்கென்ட் என்ற அமெரிக்கக் குழு, படமெடுத்தவருக்குக் காசு கொடுத்தே 'கான்ட்ரா' ஆல்பத்தின் அட்டையைப் போட்டது. படத்திலிருந்த முன்னாள் மாடல், சம்மதப் பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்று வழக்குப் போட்டார். மறுவருடம் சமரசத்தில் முடிந்தது.

இலவசமும் உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற படப்பிடிப்பாளர் 1870களில் இலங்கைத் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். 1879இல் இங்கேயே இறந்தார். நம் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எடுத்தவர் இறந்து 70 வருடம்வரைதான் உரிமை. அந்தப் படங்களில் நிற்பவர்களிடமும் யாரும் கையெழுத்துக் கேட்டிருக்கமாட்டார்கள். மருமகனின் கவலை அதுவல்ல: "ராப் பாட்டுக்கு இது சரிவராது மாமா."

அப்படித்தான் என் அத்தையிடம் போய் நின்றோம். சொந்தமாக எடுத்தால் உரிமையும் சொந்தம். இணையத்தில் கிடைத்த சம்மதப் பத்திரத்தைத் தமிழில் வாசித்தேன்: உலகம் முழுவதும், எக்காலத்துக்கும்...

"எக்காலத்துக்குமா? ஈ.பி.எப். காசே எக்காலத்துல வரும்னு தெரியல. கையெழுத்துக்கு எத்தன கிலோ கணக்கு?"

ஒரு நாள் பெயர் போடும் கூலியில் பேரம் படிந்தது. ஆனால், இடுப்பில் படங்கு கட்டிக் கூடையோடு நிற்கமாட்டாராம். "நாய்க்குக்கூடத் தெரியும் நான் கொழுந்தெடுக்கிறது. தீவாளிச் சேலையில எடு." மருமகனின் மழைப் பாட்டுக்கு, லயத்துச் சுவர் முன்னால் ஜொலிஜொலிக்கும் அத்தை. பத்திரத்தில் கையெழுத்தும் விழுந்தது.

பாட்டை ஏற்றிவிடும் கம்பனி படத்தைத் திருப்பி அனுப்பியது. அட்டையில் கடைப் பெயரோ தொலைபேசி இலக்கமோ இருக்கக்கூடாதாம். அத்தையின் தோளுக்குப் பின்னால் நகைக்கடைக் கலண்டர், இரண்டும் பளிச்சென்று. அதை வெட்டினால் சேலையின் முந்தானையில் பாதியும் போகும்.

அத்தை பத்திரத்தைத் திருப்பிக் கேட்கிறார். முழுச் சேலைக்குத்தான் கையெழுத்துப் போட்டாராம்.