கத்திப் பிடிக் கல்லும் கால்சட்டைப் பையும்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: அரிசோனா போய் வந்த மைத்துனர் கொடுத்த மடக்குக் கத்தி. மரப் பிடியின் நடுவே உளுத்தம்பருப்பு அளவில் ஒரு நீல டர்க்காய்ஸ் கல். ஆய்வுக்களம்: என் பேண்டின் வலது பாக்கெட். உடன் வசித்தோர்: சாவிக்கொத்து, சில்லறை, பழைய பஸ் டிக்கெட், மூலைத் தையலில் கொஞ்சம் பொடி.

கல்லில் கீறல் கண்டதும் பழி சாவிமேல்தான் விழுந்தது. சாவியின் தரப்புக்கு நான் ஃபிரெடரிக் மோஸை அழைக்கிறேன். 1812-இல் அவர் வகுத்த கடினத்தன்மை வரிசையில் டால்க் 1, வைரம் 10. பெரிய எண் சின்ன எண்ணைக் கீறும். சின்னது பெரியதிடம் வாலாட்ட முடியாது. பித்தளைச் சாவி ஏறக்குறைய 3. டர்க்காய்ஸ் 5 முதல் 6. ஆக, சாவி நிரபராதி. குற்றவாளி அந்தப் பொடி. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் எண் 7. மெரினாவில் உட்கார்ந்து எழுந்து வந்தவன் பாக்கெட்டில் உப்புத்தாளோடுதான் வீடு திரும்புகிறான்.

"அப்ப வைரத்தைப் பதிச்சிட்டா?" என்றார் மைத்துனர். கீறாததெல்லாம் உடையாதது என்று அவர் நினைப்பு. வைரம்கூட வாகான கோணத்தில் அடி பட்டால் பிளக்கும். நெஃப்ரைட் ஜேடின் எண் 6-ஐ ஒட்டித்தான். ஆனால் உள்ளே இழைகள் பாய் முடைந்த மாதிரி பின்னிக் கிடப்பதால் லேசில் உடையாது. ஓபலின் எடையில் பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம் தண்ணீர். காய்ந்தால் சிலவற்றில் வெடிப்பு ஓடும். நம்மூர் மே மாதத்துக்கு அது சரிப்படாது.

டர்க்காய்ஸுக்கு வேறொரு பலவீனம்: நுண்துளைகள். பிசின் ஏற்றாத கல் வியர்வையையும் எண்ணெயையும் குடித்து, நீலத்திலிருந்து பச்சைக்கு நகரும். தேங்காயெண்ணெய்த் தலையைக் கோதிய கையாலேயே கத்தியைத் தடவும் பழக்கம் எனக்கு. கல் வெண்டைக்காய் நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

இத்தனையும் தாங்கிய கல், பசையால் போனது. வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டில் கத்தியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். காய்ந்தால் மரம் சுருங்கும்; கல் மசியாது; நடுவில் மாட்டிய எபாக்ஸி, இரு சம்பந்திகளுக்கிடையே சிக்கிய தரகர் மாதிரி, சூட்டில் இளகிவிட்டது. திரும்பி வந்தபோது பிடியில் குழி மட்டும் இருந்தது. கல் சீட் இடுக்கில் போயிருக்க வேண்டும். இன்னும் அகப்படவில்லை.

மனைவி குளியலறைக் கண்ணாடியிலிருந்து ஒரு மெரூன் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துக் குழியில் ஒட்டினாள். "இந்தாங்க, இதை ஆராய்ச்சி பண்ணுங்க." நாலு மாதமாகிறது, நடுவில் ஒருமுறை பேண்டோடு துவைபட்டும் வந்தது. பொட்டு அப்படியே இருக்கிறது. மோஸின் வரிசையில் அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.